வத்சலாவின் ‘சரி மேடம்’

சிகிச்சையின் நோக்கத்தை வருபவரே சொல்ல வேண்டும். அழைத்து வருபவர் சொல்லக் கூடாது. தி. நகரில் நான் வேலை பார்த்த மனநல ஆலோசனை மையத்தின் விதிகளில் இது இரண்டாவது. முதல் விதி செருப்பை வெளியே விடுவது பற்றியது. முதல் விதியை மீறியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இரண்டாவதைப் பின்பற்றியவர் ஒருவரையும் பார்த்ததில்லை.

உங்கள் பயிற்சி வகுப்புக்காக ‘உறவுவழி உளச்சிகிச்சையில் உங்கள் தனிப்பட்ட அணுகுமுறை’ பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். அணுகுமுறை என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பயிற்சிப் பட்டறைகளின் மதியச் சாப்பாடுதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பட்டறைகளில் சாப்பாட்டைத் தவிர வேறு எதிலும் யாரும் கருத்து வேறுபட்டுப் பார்த்ததில்லை. எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு சான்றிதழ் கொடுப்பார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு, எதிரே உட்காருபவரைப் பார்த்து அதேபோலத் தலையாட்டத் தொடங்குவீர்கள். குரலைத் தாழ்த்திக்கொள்வீர்கள். மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்றை வைப்பீர்கள். இவ்வளவும் செய்துவிட்டால் உறவு உண்டாகிவிட்டது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

உறவு என்பது அது இல்லை. எது என்பதை விளக்கத்தைவிட ஒரு பெண்ணின் கதை நன்றாகச் சொல்லும். அவள் பெயரை மாற்றி வத்சலா என்று வைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. எங்கள் மையம் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. கீழே எவர்சில்வரில் பெயர் வெட்டும் கருவி நாள் முழுக்கக் கிர்ரென்று கத்தும். மேலே மனிதர்கள் தங்கள் துயரத்தைச் சொல்வார்கள். குளிர்சாதனம் இருந்த ஒரே அறை இயக்குநருடையது. அவர் வெளிநாட்டில் ஏதோ ஒரு பட்டயம் வாங்கியவர். அடையாற்றில் வீடு. ஒரு மனிதர் அழுதால் எத்தனை நிமிடம் அழ விட வேண்டும் என்பது வரை அவருக்கு நடைமுறை தெரியும். ஏன் அழுகிறார் என்று கேட்கும் வழக்கம் மட்டும் இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை வத்சலாவை அவளுடைய மாமியார் அழைத்துவந்தார். மயிலாப்பூரில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். வத்சலாவுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், ஐந்து மாதக் கர்ப்பம். மாமியார்தான் பேசினார்.

“எங்காத்துல யாரும் யாரையும் கட்டாயப்படுத்தறதில்லே டாக்டர்.” நான் டாக்டர் இல்லை என்று சொன்னேன். அதை அவர் பொருட்படுத்தவில்லை. “வத்சு தங்கமான பொண்ணு. அவளே சரின்னுட்டா. ஆனா தூங்கமாட்டேங்கறா, சாப்பிடமாட்டேங்கறா. வயத்துல இருக்கறதுக்கு ஆகுமோ? அவ மனசை மட்டும் கொஞ்சம் சரிபண்ணிக் குடுத்துடுங்கோ.”

“எதுக்குச் சரின்னாங்க?”

“என் பெரிய பிள்ளைக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷமாச்சு, குழந்தை இல்லே. போகாத கோயில் இல்லே, பார்க்காத டாக்டர் இல்லே. இவளுக்கானா ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கான். இது பொறந்ததும் பெரியவா மடியில குடுத்துடறதுன்னு பேசியாச்சு. ஒரே ஆம்தானே? அவா மாடியில இருக்கா, இவா கீழே இருக்கா. குழந்தை எங்கே போயிடப்போறது?”

வத்சலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இயக்குநர் தலையாட்டிக்கொண்டே, சிகிச்சையின் நோக்கம் என்ற இடத்தில் ‘குழந்தையைத் தத்துக் கொடுப்பதை மனம் ஏற்கச் செய்தல்’ என்று எழுதினார். தையல்காரரிடம் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி மாமியார் மருமகளை எங்களிடம் கொடுத்துவிட்டு, கீழே பாத்திரம் பார்க்கப் போனார்.

அடுத்த புதனிலிருந்து வத்சலா தனியாக என் அறைக்கு வந்தாள். உங்களில் யாரிடம் வந்திருந்தாலும் அவளைக் கண்டு பூரித்துப் போயிருப்பீர்கள். சொன்ன நேரத்துக்கு வருவாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஜன்னலைத் திறக்கட்டுமா என்றால் சரி மேடம். மூடட்டுமா என்றால் சரி மேடம். அசோக் நகரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ஏன் வேலையை விட்டாள் என்று கேட்டேன்.

“விட்டுடலாமேன்னா. சரின்னேன்.”

“யாரு சொன்னாங்க?”

அவள் யோசித்தாள். “ஞாபகமில்லே மேடம். யாரோ சொன்னா.”

நான் ஏதாவது ஒன்றைச் சொன்னால், “நீங்க சொன்னப்புறம்தான் புரியறது மேடம்” என்பாள். அவள் எழுந்து போன பிறகு எனக்கு ஒரு நிறைவு வரும். இந்த ஊரிலேயே நல்ல சிகிச்சையாளர் நான்தான் என்று தோன்றும். மற்ற எந்த நோயாளியும் எனக்கு அப்படி ஒரு எண்ணத்தைத் தந்ததில்லை. பாதிப் பேர் என்னிடம் எரிந்து விழுவார்கள். மீதிப் பேர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் குறிப்பேட்டில் ‘நல்ல ஒத்துழைப்பு’ என்று எழுதுவீர்கள். அப்படி எழுதப்பட்ட குறிப்புகளை நான் மூட்டை மூட்டையாகப் பார்த்திருக்கிறேன். ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறதோ, அதுவும் அவர் கொண்டுவந்து வைத்த தகவல்தான். வேறு எந்தத் தகவலையும்விட நம்பகமானது. எனக்குள் அந்த நிறைவை உண்டாக்கியது என் திறமை இல்லை, வத்சலாவின் உழைப்பு. வீட்டில் எல்லோருக்கும் எதைச் செய்துகொடுத்தாளோ அதையே எனக்கும் செய்துகொடுத்தாள். அந்த வீட்டில் ஒவ்வொருவரும் தம்மை நல்லவர் என்று நம்பிக்கொண்டிருந்ததற்கு அவள்தான் காரணம். அந்த வரிசையில் என்னையும் உட்காரவைத்துப் பரிமாறிவிட்டாள்.

இதைக் கண்டுபிடித்துவிட்டால் அவளிடம் சொல்லிவிடலாமே என்பீர்கள். சொல்லலாம். “ஆமா மேடம், நீங்க சொன்னப்புறம்தான் புரியறது” என்பாள்.

வாராவாரம் ஒரு டப்பா நிறைய ரவா லட்டு கொண்டுவருவாள். பரிசு எதையும் வாங்கக் கூடாது என்பது மூன்றாவது விதி. மயிலாப்பூரில் யாரும் ஒருவரைப் பார்க்க வெறுங்கையோடு போவதில்லை என்பது அந்த விதியை எழுதியவருக்குத் தெரியாது. நான் வாங்கிக்கொள்வேன். எனக்கு ரவா லட்டு பிடிக்காது. தொண்டையில் மாவு நிற்கும். அடுத்த வாரம், “நன்னா இருந்துதா மேடம்?” என்று கேட்பாள். “நல்லா இருந்துச்சு” என்பேன். மரியாதை தெரிந்த இரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, கட்டணத்துக்கு, ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம்.

லட்டுகளைத் தின்றது எங்கள் ஆயா ராணி. புரட்டாசியில் ஒரு புதன்கிழமை நான் படியேறி வரும்போது வரவேற்பறையிலிருந்து அவள் குரல் கேட்டது.

“இன்னாம்மா, இந்த வாட்டி முந்திரி கம்மியா கீது?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” இது வத்சலா.

“நல்லா கேட்ட போ. நாந்தானே துன்றேன்? மேடம் தொட்றதே இல்ல. அதுக்கு இந்த லட்டுன்னாலே ஆவாது. போன வாரம் டைரக்டர் டப்பாவோட எட்த்துகினு பூட்டாரு. எனுக்கு ஒண்ணு கூட வெக்கல, பாத்துக்க.”

வத்சலா உள்ளே வந்து உட்கார்ந்தாள். டப்பா மேசைக்கு வரவில்லை, மடியிலேயே இருந்தது. கீழே பெயர் வெட்டும் கருவி யாருடைய கல்யாணக் குடத்திலோ கத்திக்கொண்டிருந்தது.

நடைமுறைப்படி நான் கேட்க வேண்டிய கேள்வி, “இப்போது உங்கள் மனதில் என்ன ஓடுகிறது?” இதைக் கேட்டுவிட்டு நாம் நல்லவர்களாக நாற்காலியில் சாய்ந்துகொள்ளலாம். தப்பு செய்தவர் நாம். பதில் சொல்ல வேண்டியவர் அவர். இந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் ஒரு சிகிச்சையாளராகத்தான் இருக்க வேண்டும்.

“ராணி சொன்னது நிஜம்தான்” என்றேன். “எனக்கு ரவா லட்டு பிடிக்காது. இத்தனை வாரமும் நல்லா இருந்துச்சுன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

“பரவாயில்லே மேடம்.”

“பரவாயில்லையா?”

“யாரோ ஒருத்தர் சாப்பிட்டாளே. அதுவே போறும்.”

“நீங்க சிரமப்பட்டுச் செஞ்சத நான் தொடக்கூட இல்ல. அதுவும் பரவாயில்லையா?”

அவள் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

“இந்த வயத்தை வெச்சுண்டு நின்னுண்டே ரவை வறுத்திருக்கேன் மேடம்.”

“ம்.”

“அடுப்படியில ஃபேன் கூடக் கிடையாது.”

“ம்.”

“புடிக்கலேன்னா புடிக்கலேன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?”

சொன்ன உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. “மன்னிச்சுக்கோங்கோ மேடம். ஏதோ வந்துடுத்து.”

“மன்னிக்க ஒண்ணுமில்ல. கோபப்பட வேண்டிய விஷயம்தான். மேல சொல்லுங்க.”

“மேல ஒண்ணுமில்லே.” ஆனால் நிறுத்த முடியவில்லை. “சொல்லியிருந்தா நான் பண்ணியே இருக்கமாட்டேன். வாயைத் திறந்து சொல்லாம இருந்தா, எதிர்ல இருக்கறவாளுக்கு எப்படித் தெரியும், புடிக்கலேன்னு?”

அந்த வாக்கியத்தை அவள் காதே கேட்டது.

இந்த இடத்தில்தான் நீங்கள் எல்லோரும் வாயைத் திறந்து காரியத்தைக் கெடுப்பீர்கள். “இதே மாதிரி உங்கள் வீட்டிலும்...” என்று ஆரம்பிப்பீர்கள். அவள் கையில் கிடைத்ததைப் பிடுங்கி, காகிதத்தில் சுற்றி, உங்கள் பெயரை வெட்டி அவளிடமே திருப்பிக் கொடுப்பீர்கள். நான் பேசவில்லை. நேரம் முடிந்ததும், அடுத்த புதன் பார்க்கலாம் என்றேன். டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். வெளியே ராணியிடம் அதை நீட்டியதைப் பார்த்தேன்.

அடுத்த புதன் நான் அங்கேயே இருந்தேன். அதே நாற்காலி, அதே நேரம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, கூடுதலாகச் சிரிக்கவும் இல்லை. அவள் கதவருகே நின்று ஒரு கணம் என்னை ஆராய்ந்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். ஒருவரிடம் கோபப்பட்ட பிறகும் அவர் அங்கேயே இருப்பார் என்பது அவளுக்குப் புதிய செய்தி. என் அணுகுமுறை என்று நீங்கள் கேட்டது அவ்வளவுதான். இதற்குப் பட்டறை வைக்க முடியாது.

அதற்குப் பிறகு அவள் மன்னியைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். மன்னி என்றால் குழந்தைக்காகக் காத்திருந்த பெரிய மருமகள். மன்னி நல்லவள், வத்சலாவின் மகனை ராஜாவாட்டம் பார்த்துக்கொள்பவள். மாடியில் ஒரு தொட்டில் வந்து இறங்கியாகிவிட்டது. “அதைப் பார்த்தா எனக்கு வயத்தை இழுத்துப் பிடிக்கறது மேடம்” என்றாள். சரி என்று யாரிடம், எப்போது சொன்னாள் என்று கேட்டேன். சொன்னதாக ஞாபகம் இல்லை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு வந்ததாம். அவள் ரசம் பரிமாறிக்கொண்டிருந்தாளாம். மறுக்கவில்லை. அதுதான் சம்மதம்.

ஐப்பசி மழை தொடங்கிய வாரம் மாமியார் நேராக இயக்குநர் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் இருவரும், நானும் வத்சலாவும் உட்கார்ந்திருந்த அறையின் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார்கள்.

“என்ன டாக்டர் வைத்தியம் பண்றேள்? நேத்திக்கு என்கிட்டயே காபி ஆறிப்போச்சுங்கறா! வந்த நாளா சொன்னதில்லே.”

“ஆறிப்போயிருந்துச்சா?” என்றேன்.

“அது... ஆறித்தான் போயிருந்தது. அதுவா விஷயம்?”

இயக்குநர் தொண்டையைச் செருமினார். “இது ஒரு பின்னடைவு. நாம நோக்கத்துக்குத் திரும்பணும்.”

மாமியார் வத்சலாவின் தோளில் கைவைத்தார். வன்மம் இல்லாத கை அது. அதுதான் பயங்கரம். “வத்சு, டாக்டர் முன்னாடியே சொல்லிடு. இந்தக் குழந்தையைப் பெரியவாளுக்குக் குடுக்க உனக்குச் சம்மதம்தானே? யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தினோமா?”

வத்சலா என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. நான் ஒரு கண் ஜாடை காட்டியிருந்தால் போதும், மாட்டேன் என்று சொல்லியிருப்பாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், மனதுக்குள் கெஞ்சினேன். ஆனால் எனக்கு வேண்டும் என்பதற்காக அவள் மாட்டேன் என்றால், அது என்ன? இன்னொரு சரி மேடம். மாமியாருக்குப் பரிமாறியதை எடுத்து என் இலையில் வைத்தது மாதிரி. வீட்டுக்குப் போனதும் மாமியார் அழுதால் அதுவும் கரைந்துவிடும். அந்தப் பெண்ணை மீட்டதாக நான் மட்டும் பட்டறைகளில் பேசிக்கொண்டு திரிந்திருப்பேன்.

என் முகத்தில் எதையும் காட்டாமல், “இந்தக் கேள்விக்கு இன்னிக்கு, இங்க, பதில் வேண்டாம்” என்றேன். “எப்ப சொல்றது, யார்கிட்ட சொல்றதுன்னு அவங்களே முடிவு பண்ணட்டும்.”

“எப்போ? குழந்தை பொறந்தப்புறமா?”

“பொறந்தப்புறமா இருந்தாலும்.”

“நன்னாயிருக்கே நியாயம்! பெரியவ தொட்டில் வாங்கி வெச்சுண்டு காத்துண்டிருக்கா.”

“காத்திருக்காங்கன்னு எனக்கும் தெரியும்மா. அதனாலதான் அவசரத்துல ஒரு சரியை வாங்கிட்டுப் போகாதீங்கன்னு சொல்றேன்.”

மாமியார் வத்சலாவைப் பார்த்தார். வழக்கமான இரண்டெழுத்து வருமென்று காத்திருந்தார். வரவில்லை. மாட்டேன் என்பதும் வரவில்லை. அந்த அறையில் அவள் பதிலில்லாமல் உட்கார்ந்திருந்தது அதுவே முதல்முறை.

அவர்கள் வெளியே போன பிறகு வத்சலா கேட்டாள், “உங்களுக்கு என்ன தோணறது மேடம்? குடுக்கலாமா, கூடாதா?”

சொந்தக் கருத்தைச் சொல்லக் கூடாது என்பது எத்தனையாவது விதியோ, மறந்துவிட்டது. எனக்குக் கருத்தே இல்லாத மாதிரி நடிப்பதுதான் அதைக் காப்பாற்ற வழக்கமாகச் செய்வது.

“எனக்கு ஒண்ணு தோணுது. ஆனா சொன்னா நீங்க சரின்னுடுவீங்க.”

அவள் சிரித்தாள். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “ஆமா, சொல்லிடுவேன்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. வரவிடவில்லை. இயக்குநர் என்னைக் குளிர்சாதன அறைக்குக் கூப்பிட்டு, அறைக்குள் குடும்பத்தாரைக் கையாளும் நடைமுறை பற்றி நீண்ட விளக்கம் கொடுத்தார். கதவைத் தட்டும் நடைமுறை பற்றி நான் கேட்டேன். அவருக்கு அது ரசிக்கவில்லை. வத்சலாவின் புதன்கிழமை நேரத்தை வேறொருவருக்குக் கொடுக்கச் சொன்னார். கொடுக்க முடியாது என்றேன். வராதவருக்கு நேரம் ஒதுக்குவது விரயம் என்றார். வந்தாலும் வராவிட்டாலும் தனக்கென்று ஓர் இடம் இருக்கிறது என்று ஒருவருக்குத் தெரிந்திருப்பது சிகிச்சையில் சேர்த்தி என்றேன். அதற்கு ஆதாரம் கேட்டார்.

ஐப்பசி போய்க் கார்த்திகையும் போனது. புதன்கிழமை அந்த நேரத்தில் நான் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். நல்ல முடிவைத்தான் எடுத்தேனா என்ற சந்தேகம் ஒவ்வொரு வாரமும் வந்தது. ஒரு கண் ஜாடை காட்டியிருக்கலாமே என்று தோன்றும். அந்தச் சந்தேகம் வராதவர்கள் இந்தத் தொழிலை விட்டுவிட்டுப் பாத்திரக் கடைக்கு வேலைக்குப் போகலாம். அங்கேயாவது அடித்தால் நெளிவது வெளியே தெரியும்.

பிறகு ஒரு நாள் ராணி கதவைத் திறந்து தலையை நீட்டினாள். “மேடம், போனு. அந்த மயிலாப்பூர் அம்மா. கொயந்த அய்வுற சத்தம் கேக்குது.”

ரிசீவரை எடுத்தேன். பின்னால் ஒரே கூச்சல். பாத்திரம் உருள்கிறது, யாரோ யாரையோ சமாதானம் செய்கிறார்கள்.

“மேடம், வத்சலா பேசறேன். பொண் குழந்தை. இன்னிக்குப் புண்ணியாகவாசனம், பேர் வைக்கற நாள்.”

“சந்தோஷம். ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா?”

“இருக்கோம்.” மூச்சு வாங்கினாள். “மந்திரம் சொல்ல வாத்தியார் வந்து உக்காந்தப்புறம், குழந்தையைப் பெரியவா மடியில போடுன்னா. மாட்டேன்னுட்டேன்.”

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“மாமியார் ஒரே அழுகை. மன்னி மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திண்டுட்டா. பாவமா இருக்கு மேடம், நிஜமாவே. நாளைக்கு நானே போய்ப் பேசணும். பேசுவேன். ஆனா குடுக்கமாட்டேன்.”

குழந்தை வீறிட்டது. அவள் அதைத் தோளுக்கு மாற்றிக்கொள்வது கேட்டது.

“உங்க புதன்கிழமை நேரத்தை நான் யாருக்கும் குடுக்கல” என்றேன். “அப்படியேதான் இருக்கு. உடம்பு தேறினதும் எப்ப வரீங்க?”

“இல்லே மேடம்” என்றாள், நிதானமாக. “நான் இனிமே வரலே.”

ஏன் என்று கேட்கச் சொல்லி எல்லா நூல்களும் சொல்கின்றன. நான் கேட்கவில்லை. அன்று புதன்கிழமை, மார்கழி முதல் தேதி.